அன்னைக்கும் ஓர் இதயம் உண்டு



கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் தோழி ஒருத்தியை உறவினர் ஒருவர் வந்து அவசரமாக அழைத்துச் சென்றார். அவள் திரும்பி வர நான்கு நாள்கள் ஆயின. வந்தவள் கூறிய செய்தி எங்கள் எல்லாருடைய நெஞ்சையும் உலுக்கிவிட்டது.

அன்று விடியற்காலை நான்கு மணிக்கே அவளுடைய அன்னைக்கு நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம். இடத்தோள் வலித்தது, வியர்த்துக் கொட்டியது. "வாயுப் பிடிப்புத்தான்" என்று தமக்குத் தாமே மருத்துவம் பார்த்துக்கொண்டு ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். குடித்துவிட்டுப் படுத்தாரா என்றால் இல்லை. இட்லி வார்த்தார், சட்டினி அரைத்தார், கணவருக்கும் இரு பெண்களுக்கும் மதிய உணவு கட்டினார், மாமியாருக்குக் கஞ்சி வைத்தார். எல்லாரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒன்பதரை மணிக்குத் திண்ணையில் சாய்ந்து கிடந்தவரை அண்டை வீட்டார்தாம் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர்.

இறையருளால் அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், "வலி தொடங்கியவுடன் வந்திருந்தால் இதயத் தசையை இன்னும் எவ்வளவோ காப்பாற்றியிருக்கலாம்" என்றாராம் மருத்துவர். ஐந்தரை மணி நேரம் வீணாயிற்று. அந்த நேரத்தில் அவர் செய்ததெல்லாம் வீட்டாருக்குச் சோறாக்கியதுதான். இன்று மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். தோழியின் இசைவு பெற்றே இதனை இங்கு எழுதுகிறோம்.

இதைக் கேட்டபின் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: "உன் அம்மாவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?" எல்லாரும் கூறிய விடையும் ஒன்றுதான்: "எங்கள் அம்மாவும் சமையலை முடித்துவிட்டுத்தான் படுத்திருப்பார்."

இதயநோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பாவை நினைக்கிறோம், தாத்தாவை நினைக்கிறோம். அப்பாவுக்கு உப்புக் குறைத்துக் குழம்பு வைப்பதும், மாத்திரையை நேரத்திற்கு எடுத்துக் கொடுப்பதும், "காலையில் நடந்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவதும் அம்மா. அந்த அம்மாவின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. இந்த நிலை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. இதயத்தைக் காப்பது வீட்டார் அனைவரின் கடமை. அது நம் வயதிலேயே தொடங்க வேண்டும். அதையும் அம்மாவின் தலையில் இன்னொரு வேலையாகச் சுமத்திவிடக் கூடாது.

ஓய்வறியா உழைப்பாளி

நம் ஒவ்வொருவர் கைமுட்டி அளவே உள்ள இந்த உறுப்பு, நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அப்படியானால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். குடத்திற்கு 15 லிட்டர் என்று கணக்கிட்டால் 480 குடம்! தெருக்குழாயில் பத்துக் குடம் பிடிப்பதற்குள் நமக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. இதயமோ ஞாயிறு விடுமுறையும் கேட்பதில்லை.

உடலுக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இதயத்திற்கும் இரத்தம் தேவை. அதனைக் கொண்டு வருபவை சில மில்லிமீட்டரே அகலமுள்ள இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, ஆண்டாண்டாகத் தடித்து, வழி குறுகுகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. அடைபட்ட பகுதியின் தசை இரத்தமின்றி மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசையின் இழப்பு. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை.

நரைக்குப் பின் வரும் நோயா?

"அதற்கெல்லாம் நமக்கு இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது" என்று தோழியர் சிலர் நகைக்கலாம். அவர்களுக்கு ஓர் உண்மை. கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். அவ்வீரர்களின் சராசரி வயது 22. கட்டுடல் வாய்ந்த இளைஞர்கள். எனினும் நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது! அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் போகலூசா என்னும் ஊரில் 1970-களில் தொடங்கிய நீண்ட ஆய்வு, இந்நோயின் விதை பள்ளிக் குழந்தைகளிடமே ஊன்றப்படுவதைக் காட்டியது.

ஆகவே மாரடைப்பு வருவது ஒரு நாளில். அது வளர்வதோ பல்லாண்டுகளாக. இன்று நாம் உண்ணும் உணவும், ஓடும் ஓட்டமும், ஓடாமல் உட்கார்ந்திருக்கும் நேரமும் நாற்பதாம் வயதின் கணக்கில் எழுதப்படுகின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பெண்களுக்கு வராதா?

உலக நல அமைப்பின் கணக்குப்படி, 2019-இல் இதயம், இரத்தக்குழாய் தொடர்பான நோய்களால் உலகில் 1 கோடியே 79 இலட்சம் பேர் இறந்தனர். அந்த ஆண்டில் நேர்ந்த மரணங்கள் அனைத்திலும் இது 32 விழுக்காடு. இவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பெண்களின் உயிரைப் பறிப்பதிலும் இந்நோய்களே முதலிடம் பெறுகின்றன.

பெண்களுக்கு மாரடைப்பு பொதுவாக ஆண்களைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிந்தி வருகிறது என்பது உண்மையே. ஆனால் பிந்தி வருவது வேறு. வராமலே இருப்பது வேறு. மாதவிலக்கு நின்ற பிறகு இந்த ஆபத்து விரைந்து கூடுகிறது. நீரிழிவு வந்துவிட்டால் இயற்கை தந்த அந்தப் பாதுகாப்பும் பெருமளவு பறிபோகிறது. கருவுற்ற காலத்தில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மிகுதி. நம்மைப் பெற்றபோது நம் அன்னையர்க்கு அப்படி இருந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இன்னொன்றும் உண்டு. திரைப்படத்தில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவதுதான் மாரடைப்பு என்று நினைக்கிறோம். பெண்களிலும் பெரும்பாலோர்க்கு நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருக்கும். ஆயினும் அதனுடன், சில வேளை அது இல்லாமலே, மூச்சுத்திணறல், காரணமில்லாத பெருங்களைப்பு, குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றக்கூடும். இவற்றை வாயு, பித்தம், வேலைக் களைப்பு என்று எளிதில் தள்ளிவிடலாம். தள்ளியும் விடுகிறார்கள். நம் தோழியின் அன்னை செய்ததும் இதுவே.

கேரளத்தில் பிறந்து, பெங்களூர்ப் புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2004-இல் வெளிவந்தது. புகைத்தல், இரத்தக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன இறுக்கம், காய்கனிகள் உண்ணாமை, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் பற்றியது என்ற ஒன்பதே காரணங்கள், முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஆண்களிடம் 90 விழுக்காட்டையும் பெண்களிடம் 94 விழுக்காட்டையும் விளக்கிவிடுகின்றன என்று அது கண்டது. நம் தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவரைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது என்பதும் அதில் தெரிய வந்தது. இந்த ஒன்பதையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இவற்றுள் நம்மால் மாற்ற முடியாதது எது?

ஒரு மாவட்டத்துப் பெண்கள் செய்தது

"எல்லாம் ஏட்டுச் சுரைக்காய், பழக்கத்தை யாரால் மாற்ற முடியும்?" என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் படித்து வியந்த ஒரு வரலாற்றைக் கூறுகிறோம்.

ஃபின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்றொரு மாவட்டம். மக்கள்தொகை அன்று ஏறத்தாழ 1,80,000. காடு வெட்டுவோரும் பால்மாடு வளர்ப்போரும் நிறைந்த ஏழைப் பகுதி. கடும் உழைப்பாளிகள்தாம். ஆயினும் 1960-களில் நடுவயது ஆண்கள் இதயநோயால் இறப்பதில் அம்மாவட்டம் உலகிலேயே முன்வரிசையில் நின்றது. ரொட்டியின்மேல் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், உப்பு மிகுந்த இறைச்சி, ஓயாத சிகரெட்டு. காய்கறி என்பது மாட்டுக்குரிய தீனி என்று எண்ணிய ஆண்களும் அங்கு இருந்தார்களாம்!

வீட்டுக்கு வீடு கைம்பெண்கள் பெருகவே, 1971-இல் மாவட்டத்தின் பிரதிநிதிகள் அரசிடம் உதவி வேண்டி விண்ணப்பித்தனர். அடுத்த ஆண்டே, 1972-இல், முப்பது வயதும் நிரம்பாத பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர் மருந்தை மட்டும் நம்பவில்லை. கடைக்காரர், பள்ளிகள், தொழிற்சாலைகள், செய்தித்தாள்கள் என எல்லாரையும் துணைக்கு அழைத்தார். அவற்றுள் பெருந்துணையாக நின்றது பெண்களின் சங்கம் ஒன்று. அதன் பெயர் மார்த்தா. ஆம், விவிலியத்தில் விருந்தினருக்குப் பணிவிடை செய்வதில் ஓடியாடிக் களைத்தாரே, அந்த மார்த்தாவின் பெயர்தான்.

அச்சங்கத்துப் பெண்கள் ஊர் ஊராக மாலைக் கூட்டங்கள் நடத்தினர். சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போய்விடவில்லை. வழக்கமான தங்கள் உணவையே கொழுப்பையும் உப்பையும் இறைச்சியையும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துக் காட்டினர். எல்லாரும் உடன் உட்கார்ந்து உண்டனர். மெல்ல மெல்ல வெண்ணெய் குறைந்தது. தாவர எண்ணெய் வந்தது. கொழுப்புக் குறைந்த பால் வந்தது. பால்மாட்டை நம்பியிருந்தோர் சிலர் பழச்செடி பயிரிடத் தொடங்கினர். நாற்பது ஆண்டுகளுக்குள், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணங்கள் 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிட்டன! பெண்களிடையேயும் பெருமளவு குறைந்தன. சிகிச்சை முறைகள் முன்னேறியதும் இதற்கு ஒரு காரணமே. எனினும் பெரும்பங்கு, கொழுப்பும் புகையும் இரத்த அழுத்தமும் குறைந்ததால் வந்தது என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

வெண்ணெய் அங்கு வெண்ணெய் மட்டுமன்று. தங்கள் மண்ணின் பெருமை. அதையே அவர்கள் குறைத்துக்கொண்டார்களென்றால், நம்மால் ஊறுகாயைக் குறைக்க முடியாதா?

நம் அடுக்களைக்கு வருவோம்

எங்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்ளாகவே, உப்புக் கொள்ள வேண்டும் என்கிறது உலக நல அமைப்பு. ஐந்து பேருள்ள வீட்டிற்கு ஒரு நாளைக்கு 25 கிராம். முப்பது நாளைக்கு 750 கிராம். அப்பளம், ஊறுகாய், வற்றல், கருவாடு, கடை முறுக்கு ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடக்கம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாளைக்கு வருகிறது? மாதம் முடியுமுன் இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கும் வீடுகள் எங்களிடையே பல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழிதான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதும் பழமொழிதானே?

எண்ணெயைப் பொறுத்தவரை, பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுவது கேடு. மலிவாகக் கிடைப்பதால் பாமாயில் பல வீடுகளில் புழங்குகிறது. அதில் ஏறத்தாழப் பாதி, தமனிக்கு ஆகாத செறிவுற்ற கொழுப்பு. வாங்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஒவ்வொரு வீட்டின் வரவும் அவரவர்க்கே தெரியும். அதை அளந்து ஊற்றுவோம், பொரிப்பதைக் குறைத்துத் தாளிப்பதோடு நிறுத்துவோம் என்றே சொல்கிறோம். வனஸ்பதி போன்றவற்றில் உள்ள மாறுபட்ட கொழுப்பு மிகக் கெட்டது. அது 2 விழுக்காட்டிற்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் இந்திய அரசு வரம்பு கட்டியதே அதற்குச் சான்று.

"ஆப்பிளும் பாதாமும் வாங்க எங்களிடம் பணமேது?" என்று சிலர் கேட்பர். ஆப்பிள் வேண்டாம், கொய்யா போதும். முருங்கைக்கீரை பல வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வாழைத்தண்டு, அவரை, வெண்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், கேழ்வரகுக் கூழ், மோர் ஆகியவை எந்நாட்டிலிருந்தும் கப்பலேறி வரவில்லை. கடற்கரை ஊர்களில் மலிவாக விற்கும் மத்திமீனில் இதயத்திற்கு நலம் தரும் கொழுப்பு நிறைந்திருக்கிறது. அதைப் பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். பள்ளி வாசலில் பத்து ரூபாய்க்கு வறுவல் பொட்டலம் வாங்கும் நாம், பணமில்லை என்று சொல்வது பொருந்துமா?

அடுத்தது புகை. பீடியோ சிகரெட்டோ தொட்டறியாத அம்மாவுக்கும் அப்பாவின் புகை கேடு செய்கிறது. அருகிலுள்ளோர் விடும் புகையைச் சுவாசிப்பவர்க்கு இதயநோய் ஆபத்து கால் பங்குக்கு மேல் கூடுகிறது. விறகடுப்பின் புகையும் நல்லதன்று. புகைப்பதை நிறுத்தி ஓராண்டில், இதயநோயின் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்ற நற்செய்தியை அப்பாவிடம் சொல்ல வீட்டில் மகளைவிடத் தகுந்தவர் யார்? சண்டையிட வேண்டாம், அன்போடு கேட்போம். மனைவி கேட்டு விடாததை மகள் கேட்டு விட்டவர்கள் உண்டு.

ஓட விடுங்கள்

இலண்டன் நகரில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட செய்தி சுவையானது. அங்கே மாடிப் பேருந்துகள். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். அதே வண்டி, அதே சாலை, அதே புகை. ஆனால் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. வந்தவர்களுக்கும் கடுமை குறைவாக இருந்தது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதை உலகுக்கு உணர்த்திய முதல் ஆய்வுகளுள் இது ஒன்று.

நம் நிலை என்ன? 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும். 146 நாடுகளின் விவரங்களைத் திரட்டி உலக நல அமைப்பினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வயதுச் சிறுவர்களில் 78 விழுக்காட்டினரும் சிறுமியரில் 85 விழுக்காட்டினரும் அவ்வளவு இயங்குவதில்லை. சிறுமியர் ஏன் பின்தங்குகின்றனர்? நமக்குத் தெரியாததா! ஆறாம் வகுப்புவரை தெருவில் பாண்டியும் கண்ணாமூச்சியும் ஆடிய பெண், வயதுக்கு வந்தவுடன் "பெரிய பெண் ஓடலாமா? குதிக்கலாமா?" என்று வீட்டுக்குள் அமர்த்தப்படுகிறாள். தம்பி மட்டையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுகிறான். அக்காள் பாத்திரம் துலக்கிவிட்டுப் பாடம் படிக்கிறாள். அவள் வளர்ந்து ஓர் அன்னையாகும்போது, ஓடுவது எப்படி என்பதையே உடல் மறந்திருக்கிறது.

நம் பாட்டிமார் ஆட்டுக்கல்லிலும் அம்மியிலும் உழைத்தார்கள் என்று பெருமை பேசி, அந்தக் கல்லுக்கே நம்மை அனுப்ப வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சுமையைப் பாட்டி விரும்பி ஏற்கவில்லை. மாவரைக்கும் பொறி வந்து மிச்சமான நேரத்தை விளையாட்டுக்கும் நடைக்கும் தாருங்கள் என்கிறோம்.

இங்கே பள்ளியை நோக்கியும் பணிவோடு ஒரு சொல். வாரத்தில் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் நமக்கு உடற்கல்வி வகுப்பு உண்டு. இரண்டையும் சேர்த்தால் 90 நிமிடம். தேவையோ வாரத்திற்கு 420 நிமிடம். அந்தத் தொண்ணூறு நிமிடமும் தேர்வு நெருங்க நெருங்கக் கணக்குக்கும் வேதியியலுக்கும் போய்விடுகிறது. எங்கள் மதிப்பெண்ணில் ஆசிரியைகள் கொண்ட அக்கறையை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் உடற்கல்வி வகுப்பைப் பறிக்க மாட்டோம் என்ற உறுதியைத் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் தர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

மறுப்புக்கு விடை

"எங்கள் தாத்தா வாழ்நாளெல்லாம் பீடி குடித்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தார்" என்பார் உண்டு. சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்களிலும் சிலர் அக்கரை சேர்ந்ததுண்டு. அதற்காக நாம் கண்ணை மூடிக்கொண்டா கடப்போம்? அப்படிக் கடக்கப்போய் மாண்டவர்கள் இன்று எழுந்து வந்து சான்று கூறுவதில்லை, அவ்வளவே.

"எல்லாம் பரம்பரை, தலையெழுத்து" என்பார் இன்னொருவர். பரம்பரைக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. தாய்க்கோ தந்தைக்கோ இளவயதில் மாரடைப்பு வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். அப்படிப்பட்டவர் மற்றவரைவிட ஒரு மடங்கு அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்பதல்லவா அதன் பொருள்?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இந்த மாதத்திற்குள் அம்மாவை, முப்பது வயதைக் கடந்த அக்காவை, அத்தையை அழைத்துச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வருவோம். உயர் இரத்த அழுத்தம் வலி காட்டாத நோய், அளந்தால்தான் தெரியும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. இதற்குப் பணம் தடையன்று; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். வீடு தேடி வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும் தமிழக அரசு 2021-இல் தொடங்கியது.

இரண்டாவது, அம்மாவும் நாமும் நாள்தோறும் அரைமணி நேரம் சேர்ந்து நடப்போம். 'அதற்கு எங்கே நேரம்?' என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆகவே அந்த அரைமணி நேர வேலையை நாமும் தம்பியும் அப்பாவும் பங்கிட்டுக்கொள்வோம். தம்பிக்கும் கை இருக்கிறது. பாத்திரம் துலக்கினால் தேய்ந்துவிடாது.

மூன்றாவது, எல்லாரும் உண்ட பிறகு மிச்சம் மீதியை அம்மா உண்ணும் வழக்கத்தை நிறுத்துவோம். காயெல்லாம் நமக்கும் வெறும் சோறும் ஊறுகாயும் அவருக்கும் என்றால், அது அன்பாகுமா? ஒரே நேரத்தில், ஒரே பந்தியில் உண்போம்.

நான்காவது, நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ காரணமறியா வியர்வையோ கண்டால் ஓமத் தண்ணீரைத் தேடாமல் 108-ஐ அழைப்போம். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கி வரும் ஊர்தி இது, கட்டணம் இல்லை. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டமும் 2023-இல் தொடங்கப்பட்டது. வசதிகள் வாசலுக்கு வந்துவிட்டன. 'வாயுவாகத்தான் இருக்கும்' என்ற ஒரு சொல்லே இன்னும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

தோழியரே, நம் தோழியும் அவள் அன்னையும் இப்போது மருத்துவர் கூறியபடி மாலைதோறும் தெருக்கோடிவரை மெதுவாக நடந்து வருகிறார்கள். அந்த நேரத்தில் அப்பா இரவு உணவுக்குக் காய் நறுக்குகிறாராம். "முதலில் வெண்டைக்காயைக் கழுவாமலே நறுக்கினார், இப்போது பழகிவிட்டார்" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். இந்த மாற்றம் ஓராண்டு முன்னரே வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

நம் வீடுகளிலெல்லாம் ஒரு மார்த்தா இருக்கிறார். எல்லாருக்கும் பரிமாறிக் களைத்து, கடைசியில் உட்காருகிறார். இன்றிரவு அவரை முதலில் உட்காரவைத்து, ஒரு வாய்ச் சோற்றை நாம் பரிமாறுவோம். பரிமாறும்போதே கேட்போம்: "அம்மா, உங்கள் உடம்பு எப்படியிருக்கிறது?" அவர் "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். அந்த விடையோடு விட்டுவிடாதீர்கள்.